தொட்டிலும் மெய்ப்புத்தாளும்

கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்போ, மெய்ப்புத் திருத்தமோ, கணினித் தட்டச்சோ செய்து பொருளீட்டுகிறாள் என்று கேள்வியுற்றால் நாம் மகிழ்கின்றோம். ‘பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், நாலு காசும் சேர்க்கலாம், வெளியே போய்வரும் அலைச்சலும் இல்லை’ என்று வாயாரப் பாராட்டுகின்றோம். தமிழிலக்கியம் பயின்று வெளியேறும் மாணவியர்க்கு இவ்வழியை நாமே பரிந்துரைத்தும் வருகின்றோம். இப்பாராட்டில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. மறைந்து கிடக்கும் மறுபாதியை நாம் அறிந்துகொண்டது நம்முடைய பிழை ஒன்றினால்தான். அப்பிழையை மறையாது சொல்லிவிட்டுக் கருத்துக்கு வருவதே முறையாகும்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குச் சென்றது. பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி பேசி, அதன் மெய்ப்பைத் திருத்தித் தருமாறு நம் முன்னாள் மாணவி ஒருவரிடம் ஒப்படைத்தோம். ஒற்றுப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது என்பது வகுப்பறையிலேயே நாம் கண்டறிந்தது. கணவர் வளைகுடா நாட்டில் இருந்தார். மாணவி தாய்வீட்டில் இருந்தார். குழந்தை பிறந்து முப்பத்துமூன்று நாள்களே ஆகியிருந்தன. நாற்பது இன்னும் கழியவில்லை. இதனை அறிந்தே 64 பக்கங்களை அனுப்பினோம். ‘வீட்டில்தானே இருக்கிறார், ஓய்வாகப் பார்த்துத் தருவார்’ என்பது நம் எண்ணம். நாம் கொடுத்த கெடு நான்கு நாள்.

ஐந்தாம் நாள் வைகறையில் அலைபேசியில் அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘ஐயா, முடித்துவிட்டேன். வாப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு நாள் தாமதமானதற்கு மன்னியுங்கள்’ என்று எழுதியிருந்தார். நூல் வெளிவந்த பின் இரண்டு பக்கங்களில் பிழைகள் மலிந்து கிடக்கக் கண்டோம். ஓரிடத்தில் மேற்கோள் வரியொன்று இருமுறை அச்சாகியிருந்தது. ‘நீங்களா இப்படி விட்டீர்கள்?’ என்று தொலைபேசியில் கேட்டோம். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டார். அதன்பின் நம்மிடம் வேலை கேட்கவும் இல்லை.

பல மாதங்கள் கழித்துத் துறையின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது அம்மெய்ப்புப் படி கைக்குக் கிட்டியது. அதன் ஓரங்களில் பென்சிலால் எழுதிய சிறு எண்கள் காணப்பட்டன. எப்போது தொடங்கினோம், எங்கே நிறுத்தினோம் என்பதை நினைவிற் கொள்வதற்காக அவர் எழுதிவைத்த நேரக் குறிப்புகள் அவை. எண்ணிப் பார்த்தோம். 64 பக்கங்களை அவர் 41 முறை எழுந்தும் அமர்ந்தும் படித்திருக்கிறார். ஒரே மூச்சாக அமர்ந்த மிக நீண்ட நேரம் நாற்பது நிமிடம். பிழை தப்பிய இரு பக்கங்களின் ஓரத்திலும் பின்னிரவு மூன்று மணியை ஒட்டிய குறிப்புகள் இருந்தன. பிழை யாருடையது என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

ஒரு நாளின் கணக்கு

வீட்டில் இருப்பவர் ஓய்வாக இருப்பார் என்னும் எண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும். பிறந்த சில வாரங்களில் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் அருந்தும். பத்து முறை என்றும், முறைக்கு அரை மணி நேரம் என்றும் கொண்டால், பாலூட்டலுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆகின்றது. ஏப்பம் விடச் செய்தல், துணி மாற்றுதல், குளிப்பாட்டுதல், துவைத்தல், உறங்கவைத்தல் ஆகியவற்றுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். மகப்பேற்றினால் தளர்ந்த உடலுக்கு ஏழு மணி நேர உறக்கமும், குளிக்கவும் உண்ணவும் இரண்டு மணி நேரமும் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எஞ்சுவது ஏழு மணி நேரம். சமையலும் வீட்டு வேலையும் வருவோர் போவோரை உபசரித்தலும் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும்.

‘குழந்தை பெரும்பொழுதும் உறங்கிக்கொண்டுதானே இருக்கிறது?’ என்று கேட்பார் உளர். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும் என்பது மெய்யே. ஆயின் அவ்வுறக்கம் இரவு பகல் என்ற வேறுபாடின்றி இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. எந்தத் துண்டு எப்போது முடியும் என்று எவராலும் முன்னறிந்து சொல்ல இயலாது. ஆகவே தாய்க்குக் கிடைக்கும் நேரமும் துண்டு துண்டாகவே கிடைக்கின்றது. தொடர்ந்தாற்போல் கிடைக்கும் நான்கு மணி நேரமும், அரை அரை மணியாக எட்டுமுறை கிடைக்கும் நான்கு மணி நேரமும் கடிகாரத்துக்கு ஒன்றாகத் தோன்றலாம்; கருத்தூன்றிச் செய்யும் பணிக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு முறை எழுந்து வந்து அமரும்போதும் விட்ட பத்தியை மீண்டும் படிக்க வேண்டும். மூலத்தை மீண்டும் ஒப்பிட வேண்டும். கூலியோ பக்கத்துக்குத்தான் கிடைக்கின்றது. மீண்டும் மீண்டும் படித்த உழைப்புக்குக் கிடைப்பதில்லை.

நம் பாட்டிமார் செய்யவில்லையா?

பெரியோர் சிலர் இங்கே ஒரு தடை எழுப்புவர். ‘பத்தமடையில் பாய் நெய்த பெண்கள் பிள்ளை வளர்க்கவில்லையா? மேலப்பாளையத்தில் பீடி சுற்றிய தாய்மார் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டுதானே சுற்றினார்கள்? இன்று நாற்காலியில் அமர்ந்து எழுதுவதற்கு இத்துணைப் புலம்பலா?’ என்பது அவர்தம் வினா. இவ்வினாவைப் புறந்தள்ளிவிட முடியாது. விடை கூறுதல் நம் கடன்.

முதலாவது, அத்தாய்மார் பெரும்பாலும் தனித்திருக்கவில்லை. மாமியும் மதினியும் அடுத்த வீட்டாரும் ஒரே முற்றத்தில் இருந்தனர். குழந்தை அழுதால் எடுப்பதற்குப் பல கைகள் இருந்தன. இன்று பல வீடுகளில் கணவர் கடல் கடந்து இருக்கிறார். அல்லது நகரத்துச் சிறு குடியிருப்பில் தாயும் சேயும் மட்டுமே இருக்கின்றனர். இரண்டாவது, பழகிய கைவேலையை நடுவில் நிறுத்தலாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மற்றொருவர் எடுத்தும் முடிக்கலாம். மொழிபெயர்ப்பில் பாதி வாக்கியத்தை மாமியிடம் கொடுத்துவிட்டு எழ இயலாது. மூன்றாவது, அத்தாய்மார் துன்புறவில்லை என்று நமக்கு யார் சொன்னார்? புகையிலைத் தூசியை அத்தாயும் சுவாசித்தார். தொட்டிலில் கிடந்த பிள்ளையும் சுவாசித்தது. அவர்கள் முறையிடாததால் துன்பம் இல்லை என்றாகிவிடாது. பொறுத்துக்கொண்டதை எளிது என்று நாம் பிழைபட உணர்ந்துகொண்டோம்.

தமிழ்த்துறையினராகிய நாம் இங்கு நம் இலக்கிய மரபையும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் அளந்து பாடுவது. ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி, பதினோராம் திங்களில் முத்தம் என்று பருவம் வகுத்துப் பாடுவது மரபு. நபிகள் நாயகத்தின் மீது இசுலாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களும் இவ்விலக்கியத்துக்கு வளம் சேர்த்துள்ளன. குழந்தைக்கு இன்ன திங்களில் இன்னது என்று இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட நாம், தாய்க்கு எத்தனை திங்கள் ஓய்வு என்று ஒருபோதும் கணக்கிடவில்லை. செங்கீரைப் பருவம் வருமுன்பே, காப்புப் பருவம் கழியுமுன்பே அவள் மெய்ப்புத்தாளை விரித்து அமர வேண்டியுள்ளது.

சட்டம் எதுவரை வருகிறது?

அலுவலகத்தில் பணியாற்றும் தாய்க்கு அக்கணக்கைச் சட்டம் ஓரளவு வகுத்துத் தந்துள்ளது. மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பதும் அதற்கு மேற்பட்டோரும் பணியாற்றும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கவும் விதி செய்யப்பட்டது. இவ்விதிகள் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. அச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசுப் பணியில் உள்ள மகளிர்க்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு வழங்கப்பட்டு வருகின்றது.

இவையனைத்தும் முதலாளி ஒருவர் உண்டு என்னும் அடிப்படையில் அமைந்தவை. பக்கக் கூலிக்கு வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்ணுக்கு இன்று ஒரு பதிப்பகம், நாளை ஒரு கல்லூரி, மறுநாள் ஒரு விளம்பர நிறுவனம் என்று வேலை வருகின்றது. எவரும் அவளுக்கு முதலாளி அல்லர். ஆகவே எவரும் விடுப்பு ஊதியம் தர வேண்டியதும் இல்லை. புதிய தொகுப்புச் சட்டம் வீட்டிலிருந்து பணிபுரிவோரையும் அமைப்புசாராத் தொழிலாளருள் சேர்த்து, அவர்க்கு உடல்நல, மகப்பேற்று நலத் திட்டங்களை நடுவணரசு வகுக்க வேண்டும் என்கின்றது. அது நற்றொடக்கமே. எனினும் 26 வார ஊதிய விடுப்பு அவருக்கு உரிமை ஆகிவிடவில்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் தவணைகளாக உதவுகின்றது. அது போற்றத்தக்கதே. ஆயினும் அது ஊட்டத்துக்கான உதவி. இழந்த கூலிக்கு ஈடாகாது.

வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு தர இயலாது என்று எவரேனும் சொன்னால், அவர்க்குப் பீடித் தொழிலையே சான்றாகக் காட்டலாம். பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டபோது, இலையும் தூளும் பெற்றுத் தம் வீட்டில் சுற்றும் பெண்களையும் அது தொழிலாளர் என்றே ஏற்றது. மகப்பேறு நலச் சட்டத்தையும் அத்தொழிலுக்கு விரித்தது. 1974-இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன் பயன் ஒவ்வொரு குடிசைக்கும் சென்று சேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. கொள்கை அன்றே ஏற்கப்பட்டது என்பதே நாம் சுட்டுவது. வீட்டுவழிப் பணியாளர்க்கு மகப்பேற்றுப் பாதுகாப்பு உட்பட ஏனைய தொழிலாளரோடு ஒப்ப நடத்தும் முறை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. இந்தியா அதற்கு இன்றுவரை ஏற்புறுதி வழங்கவில்லை. அவ்வுறுதி வழங்கப்பெறல் வேண்டும் என்பது நம் கருத்து.

வேலை தருவோர் கடமை

சட்டம் வரும்வரை குழந்தை காத்திராது. ஆகவே வேலை தருவோர் தாமே சில நெறிகளை வகுத்துக்கொள்ளல் வேண்டும். பதிப்பகத்தாரும் அச்சகத்தாரும் மட்டும் அல்லர், நம்மைப் போன்ற கல்லூரித் துறைகளும் வேலை தருவோரே. குழந்தை பிறக்கும் மாதம் முன்னரே தெரிந்ததுதான். சில மாதங்கள் வேலை அனுப்பாதிருந்து, பின்னர் அவருக்கே மீண்டும் அனுப்புவோம் என்று உறுதி கூறுதல் முதற்கடமை. இவ்வுறுதி இல்லாமையால்தான், இடம் பறிபோய்விடும் என்று அஞ்சி நாற்பது கழியுமுன் பலர் வேலையை ஏற்கின்றனர். அவர் மீண்டும் தொடங்கும்போது 64 பக்கங்களை ஒருசேர அனுப்பாமல், பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம், அது திரும்பிய பின் மற்றொரு பாரம் என்று அனுப்பலாம். கெடுவை அவரே சொல்லட்டும். கூலியில் பாதியை முன்னரே கொடுத்தல் நன்று. அவர் குறித்த நேரத்தில் மட்டும் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்றபோதும், குழந்தையின் அழுகுரல் செவியில் விழுந்தால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. ஒரு குழந்தையின் அழுகைக்காகத் தொழுகையே சுருங்கியது எனில், நம் நூலின் வெளியீட்டு நாள் ஒரு வாரம் தள்ளிப்போவதில் என்ன குறைந்துவிடும்?

வீட்டார் பங்கு

வீட்டார் செய்ய வேண்டுவது அதனினும் பெரிது. தாய் வேலை செய்வதற்கென்று நாள்தோறும் இரண்டு மணி நேரத்தை வரையறுத்து, அந்நேரத்தில் குழந்தையை மற்றொருவர் முழுப்பொறுப்பில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். அதே அறையில் வைத்துக்கொண்டு ‘நீ எழுது, நான் பார்க்கிறேன்’ என்றால் அழுகுரல் கேட்கும் தாயால் எழுத இயலாது. மாமியோ உம்மாவோ மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பாட்டனாரும் தொட்டில் ஆட்டலாம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. ஆகையால் தாய் வேலையில் இருக்கிறாள் என்று சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப்பாலும் கொடுத்துவிடலாகாது. முன்னரே பீய்ச்சி எடுத்துக் குளிர்பெட்டியில் தூய்மையாக வைத்த தாய்ப்பால் நான்கு நாள் வரை கெடாதிருக்கும். அதனைப் பாலாடையால் புகட்டும் முறையை மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டறியலாம்.

வளைகுடாவில் இருக்கும் கணவர் குழந்தையைத் தூக்க இயலாது. ஆயின் துவைக்கவும் சமைக்கவும் ஓர் ஆளை அமர்த்தப் பணம் அனுப்பலாம். பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையே பொறுப்பு என்பது திருக்குர்ஆன் வகுத்த நெறி. மனைவி ஈட்டுகிறாள் என்பதற்காக அப்பொறுப்பு அவரை விட்டு நீங்கிவிடாது. விடுமுறையில் வந்திருக்கும் நாள்களில் இரவில் ஒருமுறையேனும் அவர் எழுந்து குழந்தையை ஏந்தட்டும்.

இக்கட்டுரையின் முதற்படியில் இப்பகுதிக்கு ‘வீட்டார் உதவி’ என்று தலைப்பிட்டிருந்தோம். மேலே சொன்ன மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் இசைவு பெற்ற பின்னரே இதனை எழுதினோம். மெய்ப்பையும் அவரே பார்த்தார். ‘உதவி’ என்னும் சொல்லை அடித்துவிட்டு ‘பங்கு’ என்று அவர் எழுதியிருந்தார். அத்திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

தாய்மார்க்குச் சில சொற்கள்

இப்பணியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கற்ற கல்வி துருப்பிடியாதிருக்கவும், தம் கையில் தமக்கென்று பொருள் இருக்கவும் இவ்வழி பெரிதும் உதவுகின்றது. ஆயினும் குழந்தை பிறக்குமுன் செய்த அளவில் பாதியை மட்டும் முதலாண்டில் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலையை இரண்டாகப் பகுத்துக்கொள்ளுங்கள். மூலத்தோடு ஒப்பிடுதல், மொழிபெயர்த்தல் முதலிய கருத்தூன்றும் வேலைகளைக் குழந்தை பிறர் கையில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். பக்க எண், தலைப்பு, பொருளடக்கம் சரிபார்த்தல் போன்றவற்றை இடையிடையே கிடைக்கும் பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னிரவு உறக்கத்தை விற்றுக் கூலி வாங்காதீர்கள். கூலியும் கெடுவும் எழுத்தில் இருக்கட்டும். ‘இம்மாதம் இயலாது’ என்று சொல்வதற்கு நாணாதீர்கள். மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடிக்குமாயின் மருத்துவரை நாடுங்கள். அதனைக் கண்ணேறு என்றோ சோம்பல் என்றோ பேசும் வழக்கத்தைப் பெரியோரும் கைவிடல் வேண்டும்.

முடிவாக

வீட்டில் இருந்து செய்யும் பணியும் பணியே; குழந்தை வளர்ப்பும் பணியே. இரண்டையும் ஒருத்தி ஒரே நேரத்தில் செய்வது அவளுடைய திறமையைக் காட்டுகின்றது என்று பாராட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அப்பாராட்டு அவள் சுமையில் ஒரு பிடியும் குறைப்பதில்லை. இனி நம் துறையின் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்போர்க்கு மேற்சொன்ன நெறிகளையே கைக்கொள்வது என்று நாம் முடிவு செய்துள்ளோம். இம்மலரைப் படிக்கும் பெரியோர் தத்தம் வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்தை ஏற்படுத்தித் தருவாராயின், நாம் எழுதியதன் பயன் அதுவே.